பேஸ் கொம்போவுக்குத் துணைப் பெட்டி தெரிவு செய்வது எப்படி

வீட்டு அறையில் நிறைவாக ஒலித்த பேஸ் கொம்போ (ஒலியைப் பெருக்கும் அம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பது), கொழும்பில் பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கல்யாண மண்டப மேடையில் டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே வைக்கப்பட்டதும் காணாமற் போய்விடுவதை, பேஸ் கிற்றார் வாசிப்பவர்கள் ஒரு தடவையாவது அனுபவித்திருப்பார்கள். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் படபடவென்று அடிக்கத் தொடங்கும். கூட்டாமல் விட்டால் தாழ்ந்த இரண்டு தந்திகளின் சுரங்களும் மேடையிலேயே கரைந்து போகும். அந்த நேரத்தில்தான் கொம்போவின் பின்புறத்தில் ‘எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர்’ என்று எழுதப்பட்ட துளை நினைவுக்கு வரும். அந்தத் துளையில் எந்தப் பெட்டியைக் கொழுவலாம், எதைக் கொழுவக் கூடாது என்பதை, வாட் கணக்கையும் பிராண்ட் பெயரையும் பார்ப்பதற்கு முன்னர் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

துணைப் பெட்டி என்று நான் குறிப்பிடுவது, உள்ளே அம்ப் எதுவும் இல்லாத, ஸ்பீக்கர் மட்டும் பூட்டிய பெட்டியை. அதற்குச் சுவர் மின்சாரம் தேவையில்லை. அதற்கு வேண்டிய வலு முழுவதையும் கொம்போவுக்குள் இருக்கும் அம்ப்தான் கொடுக்கிறது. ஏற்கெனவே தன் சொந்த ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டிருக்கும் அந்த அம்ப், இன்னொன்றையும் சேர்த்துச் சுமக்கப் போகிறது. ஆகவே பெட்டி எவ்வளவு நல்லது என்று கேட்பதற்கு முன்னர், அம்ப் எவ்வளவு தாங்கும் என்று கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: பெட்டி உண்மையிலேயே தேவையா? மண்டபத்தின் பெரிய சவுண்ட் சிஸ்டத்துக்குக் கொம்போவின் டி.ஐ. வெளியீட்டிலிருந்து (ஒலியை மைக் இல்லாமல் நேரடியாக அனுப்பும் துளை) வயர் போகிறது என்றால், சபையோருக்குப் பேஸைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பெட்டியின் பொறுப்பு அல்ல. உங்கள் காதுக்கும் டிரம்ஸ் வாசிப்பவரின் காதுக்கும் கேட்டால் போதும். தரையில் வைத்த கொம்போவிலிருந்து வரும் மத்திம ஒலி, அதாவது எந்தச் சுரம் ஒலிக்கிறது என்பதை நமக்குக் காட்டிக் கொடுக்கும் பகுதி, வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டி மேலே வருவதில்லை. கொம்போவை ஒரு கதிரையின் உயரத்துக்குத் தூக்கி வைத்து, முகத்தைச் சற்று மேலே சரித்தாலே பலருடைய குறை தீர்ந்துவிடும். தரையோடு ஒட்டி இருக்கும்போது கிடைக்கும் தாழ்ந்த ஒலியின் பருமன் கொஞ்சம் குறையும். ஆனால் தெளிவு கூடும். இதை ஒரு நிகழ்ச்சியில் செய்து பார்த்த பிறகும் போதவில்லை என்றால் மட்டும் மேற்கொண்டு வாசியுங்கள். பேஸுக்கு மைக்கோ டி.ஐ.யோ தராத சின்ன ஹோட்டல் மேடைகள், தேவாலயப் பாடகர் குழுக்கள், கோவில் முன்றலில் பந்தல் போட்டு நடக்கும் இசை நிகழ்ச்சிகள் ஆகிய இடங்களில் துணைப் பெட்டி உண்மையாகவே உதவும்.

முதலில் ஓம்

கொம்போவைத் திருப்பி வைத்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் பின்பலகையில் இருப்பதை முழுவதுமாக வாசியுங்கள். ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் கொடுக்கும் தடையின் அளவு. அதைப் பற்றி இரண்டு தகவல்கள் தேவை. அம்ப் தாங்கக்கூடிய மிகக் குறைந்த ஓம் அளவு எவ்வளவு என்பது ஒன்று. கொம்போவுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்பது மற்றது. பலகையில் இல்லாவிட்டால், தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

கொம்போக்களில் எக்ஸ்டென்ஷன் துளை பொதுவாக உள்ளே இருக்கும் ஸ்பீக்கரோடு சமாந்தரமாக இணைக்கப்பட்டிருக்கும். சமாந்தரமாக இணைக்கும்போது ஓம் அளவு கூடாது, குறையும். 8 ஓம் ஸ்பீக்கரோடு 8 ஓம் பெட்டியைச் சேர்த்தால் அம்ப் காண்பது 4 ஓம். 8 ஓமோடு 4 ஓம் பெட்டியைச் சேர்த்தால் சுமார் 2.7 ஓம். 4 ஓமோடு 4 ஓமைச் சேர்த்தால் 2 ஓம். ஓம் குறையக் குறைய அம்ப்பிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடுகிறது. தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குக் கீழே போனால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் சூடேறுகின்றன. நல்ல அம்ப் என்றால் தன்னைப் பாதுகாக்கத் தானே நின்றுவிடும். அந்த வசதி இல்லாதது எரிந்து போகும்.

இதனால், உள்ளே 8 ஓம், குறைந்தபட்ச எல்லை 4 ஓம் என்று இருக்கும் கொம்போவுக்கு விடை ஒன்றே ஒன்றுதான்: 8 ஓம் பெட்டி ஒன்று. உள்ளேயே 4 ஓம் ஸ்பீக்கர் இருந்து, எல்லையும் 4 ஓம் என்றால், அந்தக் கொம்போவோடு சமாந்தரமாக எதையும் சேர்க்க இடமில்லை. அதற்குத் துணைப் பெட்டி தேடி அலைவதில் பயனில்லை. அந்தப் பணத்தை வேறு அம்ப்புக்குச் சேர்த்து வையுங்கள். சில கொம்போக்களில் வெளிப்பெட்டியின் வயரைச் செருகியதும் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் தானாகத் துண்டிக்கப்படும். அப்படிப்பட்டதில் 4 ஓம் பெட்டியையும் பாவிக்கலாம், ஆனால் ஒலிப்பது அந்தப் பெட்டி மட்டும்தான். கையேட்டைப் பார்க்காமல் இதை ஊகிக்கக் கூடாது.

ஒரு உண்மையான உதாரணத்தைப் பார்ப்போம். ஃபெண்டர் ரம்பிள் 500 என்ற கொம்போவில் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் சேர்ந்து 8 ஓமாக இருக்கின்றன. தனியாக இருக்கும்போது அது 350 வாட் கொடுக்கிறது. பெயரில் இருக்கும் 500 வாட், வெளியே இன்னொரு 8 ஓம் பெட்டியைக் கொழுவி மொத்தச் சுமையை 4 ஓமாக்கினால் மட்டுமே கிடைக்கும். அப்போது ஆளுக்குப் பாதியாக உள்ளே 250, வெளியே 250 என்று பிரிகிறது. கொம்போவின் சொந்த ஸ்பீக்கர்களுக்குப் போகும் வலு 350 இலிருந்து 250 ஆகக் குறைந்தும் மேடையில் சத்தம் கூடுவதைக் கண்டு பலர் வியப்பார்கள். மொத்த வலு கூடியதால் கிடைப்பது ஒன்றரை டெசிபல் மட்டுமே; ஆனால் காற்றைத் தள்ளும் ஸ்பீக்கர் கூம்புகளின் பரப்பு இரட்டிப்பாவதால் தாழ்ந்த மீடிறன்களில் மேலும் மூன்று டெசிபல் வரை கிடைக்கிறது. துணைப் பெட்டியின் பெரும் பயன் இந்தப் பரப்பில்தான் இருக்கிறது. அதோடு உள் ஸ்பீக்கரின் பாரமும் குறைவதால், முன்பு படபடத்த அதே சத்தத்தில் இப்போது அது நிதானமாக ஒலிக்கும்.

டிரான்சிஸ்டருக்குப் பதிலாக வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு அம்ப் வைத்திருப்பவர்களுக்கு விதி சற்று வேறு. அவற்றில் வெளியீட்டு டிரான்ஸ்போமரை 4, 8, 16 ஓம் என்று மாற்றும் விசையோ தனித்தனித் துளைகளோ இருக்கும். மொத்தச் சுமை எவ்வளவோ அதற்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும். ஸ்பீக்கர் எதுவும் கொழுவாமல் வால்வு அம்ப்பை ஒருபோதும் இயக்கக் கூடாது.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். சில வருடங்களுக்கு முன்னர் பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு, வாடகைக்கு எடுத்த பெட்டி ஒன்றை என் கொம்போவோடு கொழுவினேன். பெட்டியின் பின்னால் இருந்த தகவல் தகடு உரிந்து, பசையின் கறை மட்டும் எஞ்சியிருந்தது. கொடுத்தவர் 8 ஓம் என்றார், நானும் நம்பினேன். முதல் இருபது நிமிடம் அவ்வளவு அருமையாக ஒலித்தது. பொப்பிசைப் பாட்டுகள் முடிந்து பைலா தொடங்கி, மண்டபமே எழுந்து ஆடத் தொடங்கிய வேளையில் பேஸ் சட்டென்று நின்றுவிட்டது. கொம்போவின் மேல் கையை வைத்தால் வைத்திருக்க முடியாத சூடு. பத்து நிமிடம் ஆறிய பிறகு மறுபடி உயிர் வந்தது, மறுபடி நின்றது. அடுத்த நாள் அளந்து பார்த்தபோதுதான் அது 4 ஓம் பெட்டி என்று தெரிந்தது.

அளப்பது மிக எளிது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இருக்கும் இலத்திரனியல் கடைகளில் விற்கும் சாதாரண மல்ரிமீற்றர் போதும். பெட்டியை அம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் வயர் ஒன்றைப் பெட்டியில் மட்டும் செருகுங்கள். மீற்றரை மிகக் குறைந்த ஓம் அளவில் வைத்து, இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அப்போது தெரியும் சிறிய எண் மீற்றர் வயரின் சொந்தத் தடை, அதைப் பிறகு கழிக்க வேண்டும். பின்னர் ஒரு முனையை ஜக்கின் நுனியிலும் மற்றதை அதன் தண்டிலும் அழுத்திப் பிடியுங்கள். காட்டும் எண், பெட்டியில் எழுதியிருக்கும் ஓமை விடக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் மீற்றர் அளப்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் நேரோட்டத் தடையை மட்டுமே. 5க்கும் 7க்கும் இடையில் காட்டினால் அது 8 ஓம் பெட்டி. 3 அல்லது 3.5 அளவில் காட்டினால் 4 ஓம் பெட்டி. உயர்ந்த ஒலிக்கான சிறிய ஸ்பீக்கராகிய ட்வீட்டர் இருந்தாலும் அதன் முன்னால் கண்டென்சர் இருப்பதால் அது இந்த அளவைக் குழப்பாது. இப்போது என் கிற்றார் பையின் முன்பையில் டியூனருக்குப் பக்கத்தில் ஒரு மல்ரிமீற்றர் எப்போதும் இருக்கிறது.

வாட் என்ற எண்ணை வாசிக்கும் விதம்

ஒரு நாள் பாவித்த பெட்டி ஒன்றின் படத்தை எனக்கு அனுப்பிய இளம் பேஸ் வாசிப்பாளர், “அண்ணா, ஆயிரம் வாட் எண்டு போட்டிருக்கு. எடுக்கட்டா?” என்று கேட்டார். “தம்பி, முன்பக்கத்தை விடும். பின்னால எத்தினை ஓம் எண்டு பாரும், ஆர்.எம்.எஸ். எவ்வளவு எண்டு பாரும்” என்றேன். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு, 250 வாட் என்று பின்னால் இருந்தது. பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் எண் பெரும்பாலும் கணப்பொழுது உச்சம்; அது தொடர்ச்சியாகத் தாங்கும் அளவின் நாலு மடங்கு வரை இருக்கும். ‘புரோகிராம்’ என்று எழுதப்படுவது பொதுவாக இரண்டு மடங்கு. ஒப்பிட வேண்டியது தொடர்ச்சியாகத் தாங்கும் அளவை மட்டுமே. உங்கள் அம்ப் அந்தப் பெட்டிக்குக் கொடுக்கப் போகும் பங்கை விட அது கூடுதலாக இருக்க வேண்டும். கூடுதலாக இருப்பதால் கேடு எதுவும் இல்லை. 250 வாட் போகும் இடத்தில் 400 வாட் தாங்கும் பெட்டி இருந்தால் அது நிம்மதியாக வேலை செய்யும்.

ஆனால் வாட் என்பது சுருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. கூம்பு எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய்வரலாம் என்ற இன்னொரு எல்லையும் இருக்கிறது, பேஸ் வாசிப்பவர்களைப் பெரும்பாலும் முதலில் தடுப்பது அதுதான். ஒரே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்க வேண்டுமென்றால் கூம்பு நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். நாலு தந்தி பேஸின் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹேர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 31 ஹேர்ட்ஸ். பி தந்தியை அடித்து வாசிப்பவரின் பெட்டி, தகட்டில் எழுதிய வாட்டில் பாதியைக் கூடத் தொடாமலே கூம்பின் எல்லையைத் தொட்டுவிடலாம். அப்படிப்பட்டவர்கள் கூடுதல் வாட்டைத் தேடுவதை விடக் கூடுதல் கூம்புகளைத் தேடுவது நல்லது.

வாட்டை விட நான் மதிக்கும் எண் உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. 97 டெசிபல் பெட்டி ஒன்று 100 டெசிபல் பெட்டிக்கு ஈடாகச் சத்தம் போட வேண்டுமென்றால் அதற்கு இரண்டு மடங்கு வலு வேண்டும். அதாவது, உணர்திறன் மூன்று டெசிபல் கூடிய பெட்டியை வாங்குவது அம்ப்பின் வலுவை இரட்டிப்பாக்குவதற்குச் சமன். கொம்போவோடு சேர்க்கும்போது இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. ஒரே ஓம் அளவுள்ள இரண்டுக்கும் ஒரே வலுதான் போகிறது. உணர்திறன் கூடியது மற்றதை மூடிவிடும். கொம்போவை மூடும் பெட்டியை வாங்கினால் நீங்கள் விரும்பி வாங்கிய கொம்போவின் குரலையே இழந்துவிடுவீர்கள்.

எத்தனை அங்குலம்?

இங்கேதான் வாதம் அதிகம். 10 அங்குலக் கொம்போவோடு 15 அங்குலப் பெட்டியைச் சேர்த்தால், சின்னது மேல் ஒலியையும் பெரியது கீழ் ஒலியையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நீண்ட காலமாக இருந்து வருகிறது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் உண்மை அப்படி அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒலியைப் பிரிக்கும் சேர்க்கிட் எதுவும் இல்லை. இரண்டுக்கும் முழு ஒலியும் போகிறது, இரண்டும் ஒரே சுரத்தை வாசிக்கின்றன. எவ்வளவு தாழப் போகும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் விட்டம் மட்டும் அல்ல. பெட்டியின் உட்கனவளவும், காற்று போய்வர அதில் விடப்பட்ட துவாரத்தின் சுருதியும் அதைவிடக் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன. நன்றாக வடிவமைத்த 10 அங்குலப் பெட்டி, மட்டமான 15 அங்குலப் பெட்டியை விடத் தாழப் போகும்.

வெவ்வேறு ஸ்பீக்கர்கள் ஒரே சுரத்தை வாசிக்கும்போது, சில மீடிறன்களில் ஒன்று முன்னே தள்ளும் வேளையில் மற்றது சற்றுப் பிந்தித் தள்ளும். அங்கே இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். வேறொரு மீடிறனில் கூடிப் பெருக்கும். கேட்பவருக்கு அது, ஈ தந்தியின் மூன்றாம் கட்டில் இடிபோல ஒலித்து ஐந்தாம் கட்டில் காணாமற் போகும் பேஸாகத் தெரியும். கலந்து சேர்ப்பது எப்போதும் கெடும் என்று நான் சொல்லவில்லை. அருமையாகப் பொருந்திய சோடிகளை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அது காதால் கேட்டு உறுதி செய்த பின்னர் மட்டும் எடுக்க வேண்டிய முடிவு. நாலு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டியோடு ஒரு 15 அங்குலப் பெட்டியைச் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒரே ஓம் என்றால் வலு சரிபாதியாகப் பிரியும்; அந்தப் பாதியை அங்கே நாலு பேர் பங்கிடுகிறார்கள், இங்கே 15 அங்குலம் தனி ஆளாகத் தாங்குகிறது. முதலில் களைப்பது அதுதான்.

ஆகவே என் பரிந்துரை தெளிவானது. கொம்போவில் இருக்கும் அதே ஸ்பீக்கர்களை, அதே எண்ணிக்கையில் கொண்ட, அதே தயாரிப்பாளரின் 8 ஓம் பெட்டி கிடைக்குமானால் அதையே எடுங்கள். பல தயாரிப்பாளர்கள் தங்கள் கொம்போவுக்குச் சோடியாக, அதே அகலத்தில், அதே ஸ்பீக்கரோடு ஒரு பெட்டியையும் செய்கிறார்கள். அது கிடைக்காவிட்டால், அதே விட்டமும் ஏறத்தாழ அதே உணர்திறனும் உள்ள வேறொன்றைத் தேடுங்கள். வேறு விட்டம் என்பது கடைசித் தெரிவு.

கடையில் ‘தாழ்ந்த ஒலி எல்லை’ என்று காட்டப்படும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அம்பெக் நிறுவனம் 1969இல் எஸ்.வி.டி. அம்ப்போடு வெளியிட்ட, எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டிதான் இன்றுவரை மேடைப் பேஸ் ஒலிக்கு அடையாளமாக இருக்கிறது. அந்த வகையின் பிற்காலத்துப் பெட்டிக்குத் தயாரிப்பாளரே கொடுத்த எல்லை 58 ஹேர்ட்ஸ். ஈ தந்தியின் 41 ஹேர்ட்ஸ் அதற்குக் கீழே கிடக்கிறது. நம் காது சுரத்தை அறிவது பெரும்பாலும் அதன் இரண்டாம், மூன்றாம் இசையங்களை (அடிப்படை மீடிறனின் இரண்டு, மூன்று மடங்குகளை) கொண்டுதான், அதாவது 82 ஹேர்ட்ஸும் அதற்கு மேலும். அந்தப் பகுதியில் திடமாக ஒலிக்கும் பெட்டிதான் மேடையில் கேட்கும்.

மூடிய பெட்டியும் துவாரமுள்ள பெட்டியும்

முற்றாக மூடிய பெட்டியில் தாழ்ந்த ஒலி மெதுவாகச் சரிகிறது. துவாரமுள்ள பெட்டி அதன் சுருதி வரை பலமாகக் கொடுத்து, அதற்குக் கீழே செங்குத்தாக விழுகிறது. விழும் இடத்துக்குக் கீழே கூம்பைத் தாங்கும் காற்றழுத்தம் இல்லாததால், பி தந்தியைப் பலமாக அடிக்கும்போது கூம்பு கட்டுப்பாடில்லாமல் அலையும். கொழும்பின் மண்டபங்களில் பல, சீமெந்துச் சுவரும் மாபிள் தரையும் தட்டைக் கூரையுமாக இருப்பதால் தாழ்ந்த ஒலி அங்கே தானாகவே முழங்கும். அப்படிப்பட்ட இடங்களில் மூடிய பெட்டியின் அடக்கமான ஒலி எனக்குப் பிடிக்கும். பந்தலிலும் திறந்த வெளியிலும் வாசிப்பவர்களுக்கு முழக்கம் தர சுவர் எதுவும் இல்லை. அவர்களுக்குத் துவாரமுள்ளதே நல்லது. பின்புறத் துவாரமுள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது, சின்ன மேடைகளில் அதற்கு இடமும் இருக்காது. முன்புறத் துவாரமே வசதி.

வயர்

ஓமுக்கு அடுத்தபடியாகக் கவனம் வேண்டியது இங்கேதான். கிற்றாரிலிருந்து அம்ப்புக்குப் போகும் வயரும், அம்ப்பிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரும் வெளியே ஒரே மாதிரி இருக்கலாம், நுனியில் ஒரே ஜக் இருக்கலாம், ஆனால் உள்ளே முற்றிலும் வேறானவை. கிற்றார் வயருக்குள் இருப்பது தலைமயிரளவு மெல்லிய கம்பிகளும் அதைச் சுற்றிய வலையும். ஸ்பீக்கர் வயருக்குள் தடித்த இரண்டு செப்புக் கம்பிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஜக்கின் மூடியைத் திருகித் திறந்து பார்த்தால் ஒரு கணத்தில் தெரியும்: நடுவில் ஒரு மெல்லிய கம்பியும் அதைச் சுற்றி முறுக்கிய வலையும் என்றால் அது கிற்றார் வயர், சம தடிப்பில் இரண்டு கம்பிகள் என்றால் ஸ்பீக்கர் வயர். பெட்டிக்குக் கிற்றார் வயரைப் பாவித்தால் அது சூடேறி உள்ளே உருகி, இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொண்டு அம்ப்பையே குறுஞ்சுற்றாக்கும்.

துளை, ஸ்பீக்கர் வயருக்கென்றே செய்த ஸ்பீக்கொன் வகையாக இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. செருகித் திருகினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும், மேடையில் யாராவது தடக்கினாலும் கழராது. இரண்டு வகைத் துளையும் உள்ள பெட்டியாகப் பார்த்து எடுத்தால் நாளைக்கு அம்ப்பை மாற்றினாலும் கவலையில்லை. வயரை நீங்களே செய்வதென்றால், 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீற்றர் அளவுள்ள இரட்டைக் கம்பி வயரை ஹார்ட்வெயார் கடையில் வாங்கலாம். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் பெட்டிகளுக்கு ஒரு மீற்றர் நீளம் தாராளம்.

பாரமும் ஈரமும்

நாலாம் மாடியில், லிப்ட் வேலை செய்யாத தொடர்மாடி மனையில் குடியிருப்பவருக்குப் பெட்டியின் எடை ஒரு சிறிய விஷயமல்ல. மேலே சொன்ன எட்டு ஸ்பீக்கர் பெட்டியின் எடை சுமார் 63 கிலோ. இரண்டு பேர் இல்லாமல் அசையாது. நியோடிமியம் காந்தம் பூட்டிய புதிய பெட்டிகள் பழைய பெரைற் காந்தப் பெட்டிகளை விட மிகவும் இலகுவானவை, விலையும் அதற்கேற்பக் கூடியது. முச்சக்கர வண்டியின் பின் இருக்கையில் கொம்போவும் பெட்டியும் சேர்ந்து ஏறுமா என்பதை வாங்கும் முன் அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள்; ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வான் பிடிக்க வேண்டியிருந்தால் பெட்டியின் உண்மையான விலை வேறு.

கடலோரம் வசிப்பவர்கள் மரத்தையும் கவனிக்க வேண்டும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்த பெட்டியின் கீழ் விளிம்பு, ஒரு மழைக்காலம் ஈரத் தரையில் நின்றாலே பாண் போல ஊதிவிடும்; பிளைவூட் தாங்கும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே இருக்கும் ஒழுங்கைகளில் உப்புக் காற்று ஜக் துளைகளைக் கூடத் துருப்பிடிக்க வைக்கிறது. வெளியே கொண்டு போகாத நாட்களில் பெட்டியைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி, துணியால் மூடி வையுங்கள்.

பாவித்த பெட்டியை வாங்குதல்

2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிப் பொருட்களின் விலை எகிறியதால் நம்மில் பலர் பாவித்த பெட்டிகளையே தேடுகிறோம். அதில் தவறில்லை, நல்ல பெட்டி பல்லாண்டு காலம் உழைக்கும். ஆனால் உங்கள் சொந்தக் கொம்போவையும் சொந்தக் கிற்றாரையும் எடுத்துச் செல்லாமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் மல்ரிமீற்றரால் ஓமை அளந்து பாருங்கள். முன் வலையைக் கழற்ற அனுமதித்தால், இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, சமமாக, மிக மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். பட்டுப் போல வழுக்கிப் போய்வர வேண்டும். ‘சர் சர்’ என்று உரசினால் சுருள் காந்தத்தில் முட்டுகிறது என்று பொருள். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஸ்பொஞ்சால் ஆனதென்றால் நகத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது மாவாக உதிரத் தொடங்கியிருக்கலாம். துவாரத்துக்கு அருகே மூக்கை வைத்தால் எரிந்த வார்னிஷ் மணம் வருகிறதா என்று தெரியும். வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு ஈ தந்தியிலிருந்து ஒவ்வொரு கட்டாக மேலே ஏறி, ஒவ்வொரு சுரத்தையும் நாலு விநாடி நீட்டி வாசியுங்கள். தளர்ந்த திருகாணியும் ஒட்டு விட்ட பலகையும் தங்கள் சுரம் வரும்போது தாங்களே குரல் கொடுக்கும்.

தச்சரைக் கொண்டு புதிதாகச் செய்விக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் கண்ணால் பார்த்த பெட்டியின் அளவைப் பிரதி பண்ணி அல்ல. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எவ்வளவு கனவளவு, எந்தச் சுருதியில் துவாரம் என்பதை, 1961இல் ஆஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் தொடங்கி 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கிய கணக்கின்படி தீர்மானிக்க வேண்டும். ஸ்பீக்கரோடு வரும் தரவுத்தாளில் அதற்கான எண்கள் இருக்கும். அந்தத் தாள் இல்லாத ஸ்பீக்கரை வாங்கிப் பெட்டி செய்யாதீர்கள்.

முதல் நாள் இணைக்கும்போது

அம்ப் அணைந்திருக்கட்டும். துணைப் பெட்டியைக் கீழேயும் கொம்போவை மேலேயும் வையுங்கள். கொம்போவின் கட்டுப்பாடுகள் கைக்கு எட்டும், மேல் ஸ்பீக்கர் காதை நெருங்கும். பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை விட நிலைக்குத்தாக அடுக்கினால், மேடையின் இரு ஓரங்களிலும் நிற்பவர்களுக்கு ஒலி ஒரே மாதிரிப் போய்ச் சேரும்.

வயரைக் கொழுவி, மிகக் குறைந்த சத்தத்தில் தொடங்குங்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது, கொம்போ தனியாக ஒலித்ததை விடத் தாழ்ந்த ஒலி மெலிந்தால், ஒன்றின் கூம்பு முன்னே போகும்போது மற்றது பின்னே போகிறது. இதை உறுதி செய்ய ஒரு பென்டோர்ச் பற்றரி போதும்: பெட்டியில் மட்டும் செருகிய வயரின் ஜக் நுனியை 1.5 வோல்ற் பற்றரியின் நேர்முனையிலும், தண்டை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் இரண்டு வயர்களும் மாறியிருக்கின்றன, பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்கள் சிலவற்றில் தயாரிப்பே அப்படித்தான். பெட்டிக்குள் அந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் சரியாகும்.

பிறகு நிகழ்ச்சியில் வாசிக்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி அரை மணி நேரம் தொடர்ந்து வாசியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அம்ப்பின் பின்பலகையையும், வயரின் இரண்டு நுனிகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். பலகை இளஞ்சூடாக இருக்கலாம். வயர் குளிர்ந்தே இருக்க வேண்டும்.